மெனுவில் யாருடைய மொழி?

இந்திய மொழியியல் துறைகளில் மொழிகளின் பெயர்களைப் பற்றி நடக்கும் விவாதங்களுக்குக் குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் தம் தாய்மொழி எனப் பதிவு செய்த போஜ்புரி, இந்தியின் கீழ் ஓர் உட்பிரிவாக ஏன் அடைக்கப்பட்டது என்று கருத்தரங்குகளில் கேட்கப்படுகிறது, கேட்கப்படவும் வேண்டும். 19,569 பெயர்களாக வந்து குவிந்த தாய்மொழிப் பதிவுகள் 1,369 ஆக வடிகட்டப்பட்ட முறையைப் பற்றி முதுகலை மாணவரும் கூர்மையாகப் பேசுவார். பெயரிடும் உரிமை யாருடையது என்பது இத்துறையின் தலையாய கேள்விகளுள் ஒன்று. ஆனால் கருத்தரங்கு முடிந்து அதே ஆய்வாளர் மடிக்கணினியைத் திறந்து, களத்தில் திரட்டிய சொற்பட்டியலை எக்செல் விரிதாளில் உள்ளிடத் தொடங்கியதும் அந்தக் கேள்வி அடங்கிவிடுகிறது. திரையின் உச்சியில் நிற்கும் மெனு எந்த மொழியில் இருக்கிறது, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுள் யார் அதைப் படிக்க முடியும் என்று எவரும் வினவுவதில்லை.

ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் சந்தாலி பேசும் ஓர் ஊரில், மேசையின் ஒரு பக்கம் ஆய்வு மாணவரும் மறுபக்கம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆசிரியருக்கு ஓல் சிக்கி எழுத்தும் ஒடியா எழுத்தும் சரளம். ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அதன் வேறு வடிவங்கள், பக்கத்து ஊரில் அது ஒலிக்கும் விதம், அதைச் சொல்லக்கூடாத இடம் ஆகியவை அவர் நாவில் வந்து நிற்கும். மாணவர் கேட்கிறார், ஆசிரியர் சொல்கிறார், மாணவர் தட்டச்சு செய்கிறார். மூன்று வரிகளுக்கு முன் பதிவான சொல் பிழை என்று ஆசிரியருக்குத் தோன்றினால் அதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துத் தாமே திருத்தும் நிலை வாய்ப்பதில்லை. அவருக்குக் கணினி தெரியாது என்று மாணவர் காரணம் கற்பித்துக்கொள்வார். கைப்பேசியில் நாள்தோறும் செய்தி எழுதி அனுப்பும் ஒருவரைப் பற்றி இப்படி முடிவுகட்டுவது விந்தை. உண்மையில் நடப்பது வேறு. ஒரு சொல்லை ஐயத்திற்குரியது எனக் குறிப்பதற்கு, அதன் ஒத்த வடிவங்களைத் தேடுவதற்கு, ஒலிப்பதிவுக் கோப்போடு இணைப்பதற்கு மாணவர் ஆங்கிலப் பெயர்களின் வழியே ஐந்தாறு படிகளைக் கடக்கிறார். அந்தப் பாதை அவருக்கு மனப்பாடம். ஆசிரியருக்கு அது மூடிய கதவு. ஆய்வேடு நிறைவடையும்போது ஆசிரியர் ‘தகவலாளி’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக வந்து சேர்கிறார். அந்தப் பிரிவினையில் ஒரு பங்கு, மெனு எழுதப்பட்ட மொழியால் நேர்ந்தது.

இக்கதவைத் திறக்கும் வசதி எக்செலில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. 1993-இல் ஐந்தாம் பதிப்போடு வந்த விபிஏ நிரல்மொழியைக் கொண்டு, பயன்படுத்துவோர் தமக்கு வேண்டிய மெனுவைத் தாமே அமைத்துக்கொள்ள முடிந்தது. 1997 பதிப்பில் மெனுவும் கருவிப்பட்டையும் ‘கமாண்ட்பார்’ என்ற ஒரே அமைப்பின் கீழ் வந்தன. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பணிப்புத்தகம் திறக்கும் கணத்தில் தானே இயங்கும் ஒரு மேக்ரோ, முதன்மை மெனுப்பட்டையைக் கண்டெடுத்து அதில் ஒரு புதிய மெனுவைச் சேர்க்கும், அதன் கீழ்ப் பொத்தான்களை அடுக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு பண்புகள் முதன்மையானவை. ‘கேப்ஷன்’ என்பது பயன்படுத்துபவரின் கண்ணுக்குத் தெரியும் பெயர். ‘ஆன்ஆக்‌ஷன்’ என்பது அழுத்தியவுடன் ஓட வேண்டிய மேக்ரோவின் பெயர். முதலாவது மனிதருக்கு, இரண்டாவது பொறிக்கு. இரண்டிற்கும் இடையே இயல்பான உறவு எதுவும் இல்லை. குறியின் இடுகுறித்தன்மையைப் பற்றிச் சொசூரை முன்வைத்து முதல் பருவத்தில் தேர்வு எழுதிய எந்த மாணவருக்கும் இது விளங்கும். ஆகவே மேக்ரோவின் பெயர் ஆங்கிலத்திலேயே கிடக்கலாம். கேப்ஷன் சந்தாலியிலோ இந்தியிலோ குருக்கிலோ இருப்பதற்குக் கொள்கை அளவில் எந்தத் தடையும் இல்லை.

தடை வேறோர் இடத்தில் வருகிறது. விபிஏ நிரலை எழுதும் திருத்தியில் மேற்கோள் குறிகளுக்குள் ‘தேடு’ என்ற சொல்லை இந்தியில் தட்டச்சு செய்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள் தோன்றும். தமிழில் செய்தாலும் அவையே. ஓல் சிக்கியிலும் அவையே. அதே எக்செலின் கட்டங்களுக்குள் இவ்வெழுத்துகள் அனைத்தையும் பிழையின்றி எழுதலாம். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த மெனுக்களை இந்தியிலும் தமிழிலும் வங்காளத்திலும் காட்டுவதற்கு மொழித் தொகுப்புகளையும் வெளியிட்டிருக்கிறது. நிறுவனம் தன் மெனுவுக்கு இந்திய மொழியில் பெயர் சூட்டலாம். பயன்படுத்துபவர் தம் மெனுவுக்குப் பெயர் சூட்ட முனைந்தால் கேள்விக்குறி.

காரணம் தெளிவானது. நிரல் திருத்தி யூனிகோடை அடிப்படையாகக் கொண்டதல்ல. விண்டோஸின் பழைய குறிமுறைகளை நம்பியே அது எழுத்துகளைக் காட்டுகிறது. ரஷ்ய மொழிக்கு 1251, கிரேக்கத்திற்கு 1253, ஜப்பானியத்திற்கு 932 என அக்குறிமுறைகளுக்கு எண்கள் உண்டு. கணினியை அந்த மொழிக்கு அமைத்துவிட்டால் திருத்தி அம்மொழியை ஏற்கும். தாய் மொழிக்கும் 874 என்ற எண் உண்டு. பிராமியின் வழித்தோன்றலான தாய் எழுத்தை அத்திருத்தியில் எழுதலாம். பிராமி பிறந்த நாட்டின் எழுத்துகள் எதையும் எழுத முடியாது. தேவநாகரி, தமிழ், ஒடியா, வங்காளம் ஆகியவற்றை விண்டோஸ் யூனிகோடு வழியாக மட்டுமே ஆதரித்தது. இந்தியாவுக்குச் சொந்தத் தரமே இருந்ததில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. இஸ்கி என்னும் இந்தியத் தரக் குறிமுறை 1991-இல் வெளியானது. விபிஏ பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. யூனிகோடின் இந்திய எழுத்துத் தொகுதிகளே இஸ்கியின் முந்தைய வடிவத்தை அடியொற்றி அமைந்தவை. விண்டோஸில் இஸ்கிக்கும் எண்கள் தரப்பட்டன. ஆனால் அவை ஒரு குறிமுறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கு மட்டும் பயன்படும். கணினியின் அடிப்படைக் குறிமுறையாக அவற்றை அமைக்க இயலாது.

இதற்கு நிரலாளர் கண்ட மாற்றுவழி, ஒவ்வோர் எழுத்தையும் அதன் யூனிகோடு எண்ணால் அழைப்பது. இந்தியில் ‘கோஜ்’ என்ற ஒரு சொல்லுக்கு 2326, 2379, 2332 என மூன்று எண்கள். தமிழில் ‘தேடு’ என எழுத 2980, 3015, 2975, 3009. ஒரு சொல்லே இப்படி என்றால் பத்துப் பொத்தான்கள் கொண்ட மெனுவின் நிரல் எப்படித் தோன்றும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஓல் சிக்கியின் நிலையும் இதுவே. அதன் முதல் எழுத்துக்கு 7258. ஹோ மொழியின் வாரங் சிதி எழுத்து இன்னும் கீழே தள்ளப்படுகிறது. 2014-இல் யூனிகோடில் இடம்பெற்ற அவ்வெழுத்துத் தொகுதி, விபிஏவின் எண்முறை எட்டும் எல்லைக்கு அப்பால் வைக்கப்பட்டுள்ளது. அதனால் ஒரே எழுத்தை 55302, 56480 என இரண்டு அரைத்துண்டுகளாகக் கொடுக்க வேண்டும். சொல்லில் எத்தனை எழுத்து என்று நிரலைக் கேட்டால் இரு மடங்கு எண்ணிக்கை வரும். 2003-இல் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட சந்தாலிக்கும், அதில் சேராத ஹோவுக்கும் நிரல் திருத்தி காட்டும் மரியாதையில் இந்த அளவுக்கு வேறுபாடு உண்டு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இவ்வளவு அல்லலும் தேவையற்றது என்பதுதான் எரிச்சலூட்டும் செய்தி. மெனுச் சொற்களை நிரலுக்குள் எழுதாமல், அதே பணிப்புத்தகத்தில் ஒரு தனித் தாளின் கட்டங்களில் எழுதி வைக்கலாம். முதல் நெடுவரிசையில் மேக்ரோவின் பெயர். அடுத்தடுத்த நெடுவரிசைகளில் சந்தாலி, ஒடியா, இந்தி, ஆங்கிலம். பணிப்புத்தகம் திறக்கும்போது மேக்ரோ அந்தத் தாளைப் படித்து, தேர்ந்த மொழிக்குரிய சொல்லைக் கேப்ஷனில் இடும். நிரலில் ஓர் இந்திய எழுத்தும் இல்லை, ஆகவே ஒரு கேள்விக்குறியும் இல்லை. சொல்லை மாற்ற விரும்பும் ஆசிரியர் கட்டத்திற்குள் சென்று மாற்றினால் போதும். நிரல் எழுதத் தெரிந்தவரின் தயவு தேவையில்லை. ஒரு பிற்பகலில் முடியக்கூடிய வேலை இது. அதைத் தம் மாணவரிடம் கேட்டுப் பெறும் நெறியாளர் அரிது. எழுத்தர் வேலை என்று ஒதுக்குபவரே மிகுதி.

எழுத்தர் வேலையா என்பதை அந்தத் தாளின் சந்தாலி நெடுவரிசையை நிரப்ப உட்கார்ந்தால் அறியலாம். மெனுவில் வினைச்சொல் எந்த வடிவில் நிற்க வேண்டும்? மென்பொருள்களின் தமிழ் இடைமுகம் ‘சேமி’, ‘தேடு’ என்று ஒருமை ஏவலில் பேசுகிறது. இந்தி இடைமுகமோ ‘சஹேஜேன்’ என்று மரியாதை வடிவத்தில் வேண்டுகிறது. இங்கே பேசுபவர் யார், கேட்பவர் யார்? மனிதர் பொறிக்கு இடும் கட்டளை என்றால் தமிழ் வழக்கு பொருந்தும். பொறி மனிதரை நோக்கி ‘இதைச் செய்யுங்கள்’ என அழைப்பதாகக் கொண்டால் இந்தி வழக்கு பொருந்தும். சந்தாலியின் ஏவல் வினை ஒருமை, இருமை, பன்மை என மூன்று வேறுபாடு காட்டுவது. மேசையின் இருபுறமும் இருவர் அமர்ந்து ஒரே திரையைப் பார்க்கும்போது எந்த வடிவம் இயல்பாக இருக்கும்? அல்லது ஏவலைத் தவிர்த்துச் செயலின் பெயரை மட்டும் இட வேண்டுமா? இதில் ஒரு முழு ஆய்வுக் கட்டுரைக்கான பொருள் இருக்கிறது. அதற்கு விடை சொல்லத் தகுதியானவர் மேசையின் மறுபக்கம் இருக்கும் ஆசிரியர். அவரிடம் சொற்பட்டியலின் இருநூறு சொற்களைக் கேட்கும் ஆய்வு, இந்தப் பத்துச் சொற்களைக் கேட்பதில்லை.

2007-இல் மெனுவின் இடத்தை ரிப்பன் பிடித்துக்கொண்டபோது இம்முயற்சிக்கு ஓர் அடி விழுந்தது. பழைய முறையில் சேர்த்த மெனுக்கள் அழியவில்லை. ‘ஆட்-இன்ஸ்’ என்ற ஓரத் தாவலுக்குள் ஒதுக்கப்பட்டன. ரிப்பனில் புதிய தாவலைச் சேர்க்க வேண்டுமானால் விபிஏ மட்டும் போதாது. கோப்பின் உட்பொதிக்குள் தனியே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை வைக்க வேண்டும். கையால் ரிப்பனை மாற்றும் வசதி 2010 பதிப்பில்தான் வந்தது. ஆனால் இம்மாற்றத்தை முழுத் தீமை என்று சொல்வதும் நேர்மையாகாது. அந்த எக்ஸ்எம்எல் கோப்பு யூனிகோடை ஏற்கிறது. அதில் ஓல் சிக்கியை நேராகவே எழுதலாம். மேலும், வலச்சொடுக்கில் தோன்றும் மெனுவைப் பழைய கமாண்ட்பார் முறையிலேயே இன்றும் மாற்ற முடிகிறது. களப்பணிக்கு அதுவே சிறந்த இடம். சொல் இருக்கும் கட்டத்தின் மீதே சுட்டியை வைத்து வலப்பொத்தானை அழுத்தினால் ‘ஐயம்’, ‘வேறு வடிவம்’, ‘ஒலியைக் கேள்’ என மூன்று சொற்கள் அவரவர் மொழியில் வந்து நின்றால் போதும். ஆசிரியர் திரையின் உச்சிவரை கண்ணை ஓட்டவே வேண்டாம்.

எளிது என்று சொன்னதால் நுட்பம் இல்லை என்று பொருளாகாது. மெனுவைச் சேர்க்கும்போது ‘டெம்பரரி’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், பழைய பதிப்புகளில் அந்த மெனு பணிப்புத்தகம் மூடிய பின்னும் எக்செலில் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் வேறு வேலைக்காகத் திறந்தவர் அதை அழுத்தினால் தொடர்பில்லாத கோப்பைத் தேடி எக்செல் அலையும். இதைத் தவிர்க்க, மூடுவதற்குச் சற்று முன் நிகழும் நிகழ்வில் மெனுவை நீக்கும் நிரலை எழுதுவர். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘சேமிக்கவா?’ என்று எக்செல் கேட்பதற்கு முன்பே அந்நிகழ்வு நடந்துவிடும். பயன்படுத்துபவர் மனம் மாறி ‘கேன்சல்’ அழுத்தினால் பணிப்புத்தகம் திறந்தே இருக்கும், மெனு மட்டும் போயிருக்கும். பணிப்புத்தகம் முன்னுக்கு வரும்போது மெனுவைச் சேர்த்து, பின்னுக்குச் செல்லும்போது நீக்குவதே சரியான வழி. இது பட்டறிவால் கிடைக்கும் அறிவு. ஒரு துறையில் ஒருவர் கண்டறிந்து பட்டம் பெற்றுச் சென்றபின், அடுத்தவர் அதே குழியில் விழுந்து மீண்டும் கண்டறிகிறார். ஆய்வேட்டின் ஆய்வுநெறி இயலில் ‘தரவுகள் எக்செலில் உள்ளிடப்பட்டன’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு அவ்வறிவு புதைந்துவிடுகிறது.

மறுப்புகள் வரும். முதலாவது, பைத்தானோ ஆர் மொழியோ கற்றுக்கொள்ளட்டும் என்பது. கற்றுக்கொள்ளட்டும், அதில் வழக்கே இல்லை. ஆனால் அது மாணவரின் இடர்ப்பாட்டைத் தீர்க்கிறது. மேசையின் மறுபக்கத்தில் இருப்பவருக்கு முன்பு ஆங்கில மெனுவாவது தெரிந்தது. இப்போது ஒரு கறுப்புத் திரை தெரியும். எக்செலைப் பார்த்து முகம் சுளிப்பது கருத்தரங்குகளில் ஒருவகைத் தகுதிச் சான்றாகிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணைகளே விரிதாள் கோப்புகளாகத்தான் வெளியாகின்றன என்பதை முகம் சுளிப்போர் நினைவில் கொள்ளலாம். எலன், ஃபீல்டுவொர்க்ஸ் போன்ற தனிக்கருவிகளைச் சுட்டுவோர் கூற்றில் நியாயம் உண்டு. ஒலிப்பதிவைக் காலக்கோட்டில் பகுப்பதற்கு எலனுக்கு ஈடு விரிதாளில் இல்லை. ஆயினும் முதல் நாள் சொற்பட்டியல் எங்கே எழுதப்படுகிறது என்பது களத்திற்குச் சென்ற எவருக்கும் தெரியும்.

பாதுகாப்பு பற்றிய மறுப்பு வலுவானது. 1996-இல் எக்செலைத் தாக்கிய லாரூ, 1999-இல் உலகெங்கும் பரவிய மெலிசா ஆகியவை மேக்ரோ வைரஸ்கள். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுப்பது தேவையான நடவடிக்கை. ஆனால் தடுப்பது ஒன்று, எல்லா மேக்ரோவையும் ஒட்டுமொத்தமாக முடக்கிவிட்டுப் பொறுப்பு முடிந்தது எனக் கணினி மையங்கள் ஒதுங்குவது வேறொன்று. நம்பகமான கோப்புறையைக் குறிப்பிட்டு அதிலுள்ள மேக்ரோக்களை மட்டும் அனுமதிக்க எக்செலிலேயே வழி உண்டு. நிரலுக்கு மின்கையொப்பம் இடவும் வழி உண்டு. இரண்டையும் முதலாண்டு ஆய்வு மாணவர்க்கு ஒரு மணி நேரத்தில் கற்பித்துவிடலாம்.

கூகுள் ஷீட்ஸைப் பயன்படுத்தலாமே என்ற ஆலோசனையும் உண்டு. அங்கே நான்கு வரி நிரலில் புதிய மெனு வந்துவிடும். எந்த எழுத்திலும் பெயரிடலாம். கேள்விக்குறித் தொல்லை அறவே இல்லை. ஆனால் இணையம் எட்டாத ஊர்களில் அது கைகொடுப்பது கடினம். மக்களின் குரலும் அவர்களது குடும்பச் சொற்களும் எங்கோ ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் தங்கும் என்பதை ஒப்புதல் படிவத்தில் தெளிவாகச் சொன்ன பின்னரே அதைத் தொட வேண்டும். லிப்ரே ஆபிஸ் இவ்விரு குறைகளும் இல்லாதது. அதன் நிரல் யூனிகோடில் சேமிக்கப்படுகிறது, மெனு மாற்றத்தை அந்த ஆவணத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், விலையும் இல்லை. எக்செலுக்கு எழுதிய மெனு நிரல் அங்கே அப்படியே ஓடாது, மீண்டும் எழுத வேண்டும். எழுதுவதற்கு ஆள் இருக்கிறார்கள். எழுதச் சொல்லும் துறைதான் இல்லை.

அழியும் நிலையிலுள்ள மொழிகளை ஆவணப்படுத்த மைசூருவின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013 முதல் ஒரு திட்டத்தை நடத்துகிறது. பல்கலைக்கழகங்களிலும் ஆவணமாக்கம் பாடமாகியிருக்கிறது. சமூகத்தின் பங்கேற்பு என்ற தொடர் இல்லாத திட்ட முன்மொழிவைக் காண்பது அரிது. பங்கேற்பைக் கோரும் அந்த முன்மொழிவுகள், பங்கேற்பவர் தொட வேண்டிய கருவியின் மொழியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆய்வேடு மின்வடிவில் ஷோத்கங்காவை அடைந்துவிடுகிறது. அதன் தரவை உருவாக்கிய பணிப்புத்தகமோ மாணவரின் மடிக்கணினியோடு போய்விடுகிறது, பல வேளைகளில் நிரலுக்கு இட்ட கடவுச்சொல்லோடு.

கோரிக்கைகள் பெரியவை அல்ல. களத்தரவை விரிதாளில் தொகுத்த ஆய்வேடு, அப்பணிப்புத்தகத்தின் நிரலைப் பூட்டின்றிப் பின்னிணைப்பாகத் தர வேண்டும். மெனுச் சொற்களின் பட்டியலும், ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தவர் விரும்பினால் அவருடைய பெயரும் அதில் இடம்பெற வேண்டும். ஆய்வுநெறித் தாளின் மதிப்பெண்களில் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்களுள் ஒருவராவது அந்தப் பணிப்புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, ஏதேனும் ஒரு சொல்லின் மீது வலச்சொடுக்கிப் பார்க்கட்டும்.